ஈரக்காற்றும் இரைக்கும் நாயும்

சித்திரை மாதத்து மதியம். ஊத்துக்குளியில் வெயில் 38 டிகிரி. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து ஈரமண்ணை முன்னங்கால்களால் பறித்து, அந்தக் குழியில் வயிற்றைப் பதித்து வேப்பமர நிழலில் படுத்திருக்கிறது வீட்டு நாய். கொஞ்ச நேரம் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது, வாயை மூடிக்கொள்கிறது, மறுபடி கொஞ்ச நேரம் இரைக்கிறது. பெரிய தவிப்பு எதுவும் தெரியவில்லை.

பள்ளிக்கு லீவு விட்டதும் அதே நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறோம். கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்கலாம் என்று ஏற்பாடு. அங்கே வெயில் 34 டிகிரிதான். கடல் காற்றும் வீசுகிறது. ஆனால் நாய் பிள்ளைகளோடு அரை மணி நேரம் ஓடிவிட்டு வந்து நிழலில் படுத்த பிறகும் இரைப்பு அடங்கவில்லை. வெயில் கூடிய ஊரில் நிதானமாக இருந்த நாய், வெயில் குறைந்த இடத்தில் ஏன் இப்படித் திணறுகிறது?

விடை நாயின் மூக்கிலும் நாக்கிலும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அதைச் சுற்றியுள்ள காற்றில் இருக்கிறது. இது புரிந்தால் நாயைப் பயணத்துக்கு எப்போது, எங்கே, எப்படிக் கூட்டிப்போவது என்பதும் தானாகவே தெளிந்துவிடும்.

சூடு வெளியேறும் மூன்று வழிகள்

நாயின் இயல்பான உடல் சூடு நம்முடையதைவிடச் சற்று அதிகம், 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சும்மா படுத்திருந்தாலும் உடலுக்குள் சூடு உண்டாகிக்கொண்டேதான் இருக்கும். உண்டாகிற அளவு சூடு வெளியேறியாக வேண்டும். இல்லாவிட்டால் உடல் சூடு ஏறிக்கொண்டே போகும்.

வெளியேற மூன்று வழிகள் உண்டு. குளிர்ந்த பொருளைத் தொட்டுக்கொண்டிருந்தால் சூடு அதற்குள் இறங்கும்; நாய் ஈரமண்ணைப் பறித்து வயிற்றைப் பதிப்பது இதற்காகத்தான். உடலின் மேற்பரப்பிலிருந்து சுற்றியுள்ள காற்றுக்கும் பொருள்களுக்கும் சூடு போவது இரண்டாவது வழி. இந்த இரண்டும் நடக்க, சுற்றுப்புறம் உடலைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். காற்று 38 டிகிரியைத் தொட்டுவிட்டால் இரண்டாவது வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். அதற்கும் மேலே போனால் வெளியிலிருந்து உடலுக்குள் சூடு ஏறத் தொடங்கும்.

தொட்டுக்கொள்ளக் குளிர்ந்த பொருளும் கிட்டாவிட்டால், அப்போதும் திறந்திருப்பது மூன்றாவது வழி ஒன்றுதான்: ஆவியாதல். தண்ணீர் ஆவியாகும்போது தான் ஒட்டியிருந்த பரப்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இப்படி எடுத்துக்கொள்ளப்படும் சூட்டுக்கு ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று பெயர். இதன் அளவு நாம் நினைப்பதைவிடப் பெரியது. ஒரு கிராம் தண்ணீரைப் பனிக்கட்டியின் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க 100 கலோரி போதும். அதே ஒரு கிராம் தண்ணீர் உடல் சூட்டில் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். இந்தக் கணக்குப்படி, 20 கிலோ எடையுள்ள நாயின் உடல் சூடு ஒரு டிகிரி இறங்கச் சுமார் 30 கிராம் தண்ணீர் ஆவியானால் போதும்.

மனிதர்களுக்கு இந்த வேலையைத் தோல் முழுவதும் சுரக்கும் வியர்வை செய்கிறது. நாய்க்கு அந்த வசதி இல்லை. குளிர்ச்சிக்கு உதவும் வகையில் அதன் தோல் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் மட்டும் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. கால்நடை மருத்துவரின் மேசைமேல் பயந்து நிற்கும் நாயின் காலடி ஈரமாகப் பதிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நான்கு பாதங்களின் அடிப்பரப்பு மிகச் சிறியது. அதைக் கொண்டு முழு உடலையும் குளிர்விக்க முடியாது. ஆகவே நாய் தன் ஈரத்தை மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் நாக்கின் மேலும் காயவைக்கிறது. அதற்காகத்தான் இரைக்கிறது.

மூக்கு வழியே உள்ளே, வாய் வழியே வெளியே

நாயின் நீண்ட மூக்குக்குள் காகிதம்போல் மெல்லிய எலும்புகள் சுருள் சுருளாக அமைந்திருக்கின்றன. இவற்றை நாசிச் சுருளெலும்புகள் எனலாம். அவற்றின்மேல் ஈரமான, ரத்தம் நிறைந்த சவ்வு போர்த்தியிருக்கும். சின்ன இடத்துக்குள் பெரிய ஈரப்பரப்பு. இந்தப் பரப்பு காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள மூக்கின் பக்கவாட்டில் ஒரு சுரப்பி இருக்கிறது. வெயில் ஏற ஏற அது சுரக்கும் நீரும் கூடுகிறது. நாக்குக்குப் போகும் ரத்தமும் வெயிலில் பல மடங்கு பெருகுகிறது. உடலுக்குள்ளிருந்து சூட்டைச் சுமந்துவரும் ரத்தம் இந்த ஈரப்பரப்புகளின் அடியில் ஓடிக் குளிர்ந்து திரும்புகிறது.

காற்று எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று பார்த்தவர்கள் குனுட் ஷ்மித்-நீல்சனும் அவருடைய இரு சகாக்களும். பாலைவன ஒட்டகத்தின் உடலியக்கத்தை ஆராய்ந்து பெயர்பெற்ற அறிவியலாளர் அவர். இரைக்கும் நாயின் மூக்கிலும் வாயிலும் காற்றோட்டத்தை அளந்து அவர்கள் 1970-இல் முடிவை வெளியிட்டார்கள். இரைக்கும்போது காற்று பெரும்பாலும் மூக்கு வழியே உள்ளே போகிறது. வாய் வழியே வெளியே வருகிறது.

இந்த ஒருவழிப் போக்குக்குக் காரணம் உண்டு. உள்ளே போகும் காற்று மூக்கின் ஈரத்தைக் காயவைத்து அந்தச் சவ்வைக் குளிர்விக்கிறது. அதே காற்று நுரையீரலில் சூடாகி, ஈரம் நிறைந்து, மறுபடி மூக்கு வழியே வெளியேறினால், குளிர்ந்த சவ்வின்மேல் அந்த ஈரம் நீர்த்துளியாகப் படிந்துவிடும். ஆவியானபோது எடுத்துக்கொண்ட சூட்டை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடும். நாய் அமைதியாக இருக்கும்போது மூக்கு வழியாகவே வெளிமூச்சு விடுவது நல்லது, தண்ணீர் மிச்சமாகும். சூட்டை வெளியேற்ற வேண்டியபோது வெளிமூச்சை வாய்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. எவ்வளவு காற்று எந்த வழியே போக வேண்டும் என்பதை மாற்றி மாற்றி, எவ்வளவு சூட்டை இழப்பது என்பதை நாய் கட்டுப்படுத்துகிறது.

இரைப்பே சூட்டை உண்டாக்காதா?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். மூச்சு விடுவதற்குத் தசைகள் வேலை செய்ய வேண்டும். வேலை செய்யும் தசை சூட்டை உண்டாக்கும். அப்படியிருக்க, வேகமாக மூச்சு விட்டு உடலைக் குளிர்விப்பது எப்படி?

யூஜின் கிராஃபோர்டு என்ற உடலியல் ஆய்வாளர் 1962-இல் இதற்கு விடை சொன்னார். சாதாரணமாக நிமிடத்துக்கு 30, 40 முறை மூச்சு விடும் நாய், சூடு ஏறியதும் படிப்படியாக வேகம் கூட்டுவதில்லை. ஒரே தாவலில் 300-க்கு மேலே போய்விடுகிறது. சராசரி ஏறத்தாழ 320. இடைப்பட்ட வேகம் கிடையாது. லேசான சூடு என்றால் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் இரைத்துவிட்டு நிறுத்தும், பிறகு மறுபடி தொடங்கும். மரத்தடி நாய் விட்டுவிட்டு இரைப்பதும் இப்படித்தான்.

அந்த 320-இல் என்ன விசேஷம்? மரக்கிளையில் கட்டிய தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். தூளிக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்தோடு சேர்ந்து ஒற்றை விரலால் தள்ளினாலும் அது பாட்டுக்கு ஆடும். தாளத்தை மாற்றி வேகமாக ஆட்ட முயன்றால் கை ஓய்ந்துவிடும். நாயின் விலாக்கூடு, உதரவிதானம், நுரையீரல் எல்லாம் மீள்தன்மை உடையவை. இழுத்துவிட்டால் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்புபவை. ஆகவே அவற்றுக்கும் இயல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. கிராஃபோர்டு அதை அளந்து பார்த்தபோது அதுவும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 320-ஆகவே இருந்தது. இயற்பியலில் இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். நாய் தன் நெஞ்சின் சொந்தத் தாளத்தில் இரைக்கிறது. அதனால் தசைக்கு வேலை மிகக் குறைவு. இந்த ஏற்பாடு மட்டும் இல்லையென்றால், இரைப்பு வெளியேற்றும் சூட்டைவிட இரைப்பால் உண்டாகும் சூடு அதிகமாகியிருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாம் இப்படி வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறித் தலை சுற்றும். நாயின் இரைப்பு மேலோட்டமானது. பெரும்பகுதிக் காற்று நுரையீரலின் ஆழத்தை எட்டாமல் மூக்கு, வாய், மூச்சுக்குழாய் அளவிலேயே போய்வருகிறது. குளிர்ச்சிக்கு வேண்டிய இடமும் அதுதான்.

ஈரம் நிறைந்த காற்றில் இடம் இல்லை

இப்போது தொடக்கத்துப் புதிருக்கு வரலாம். திருப்பூர்ப் பக்கத்தில் துணி காயவைத்த எவருக்கும் காற்றின் ஈரத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மழைக்கால நாளில், வெயில் இருந்தாலும் துணி காயாது. வறண்ட காற்று அடிக்கும் நாளில், நிழலில் போட்டாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். காற்றில் ஏற்கெனவே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. நாயின் நாக்கில் உள்ள ஈரத்துக்கும் இதே விதிதான்.

எண்களை வைத்துப் பார்ப்போம். நாயின் வெளிமூச்சு உடல் சூட்டில், ஈரம் முழுவதும் நிறைந்து வெளியேறுகிறது என்று கொண்டால், ஒரு கன மீட்டர் வெளிமூச்சில் சுமார் 46 கிராம் நீராவி இருக்கும். 38 டிகிரி சூட்டில் 25 சதவீத ஈரப்பதம் உள்ள வறண்ட காற்றில் ஏற்கெனவே இருப்பது 11, 12 கிராம். ஆக, ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் நாயிடமிருந்து சுமார் 34 கிராம் தண்ணீரை எடுத்துப்போகும். கடற்கரையில் 34 டிகிரி சூடு, 70 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் காற்றில் முன்பே 26 கிராம் நீராவி இருக்கும். இன்னும் சுமக்கக்கூடியது 20 கிராம்தான்.

நாயின் உடல் சூடு ஒரு டிகிரி இறங்க 30 கிராம் தண்ணீர் ஆவியாக வேண்டும் என்று பார்த்தோம். வறண்ட காற்றில் அதற்கு 900 லிட்டர் காற்றை மூச்சாக விட்டால் போதும். ஈரக்காற்றில் 1,500 லிட்டர் வேண்டும். வெப்பமானி காட்டும் எண் குறைந்திருந்தும் நாயின் உழைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. வெளியூர் போகும்போது அந்த ஊரின் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் ஈரப்பதத்தையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

வெயிலைவிட ஓட்டம் ஆபத்து

புதிரின் இன்னொரு பாதி ஓட்டத்தில் இருக்கிறது. ஓடும் தசை செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி சூடாகவே மாறுகிறது. ஊரில் மரத்தடியில் படுத்திருந்த நாய், புதிய இடத்தில் பந்தின் பின்னால் ஓடுகிறது. உற்சாகத்தில் அதற்குத் தன் உடல் சூடு தெரிவதில்லை. நாம் பந்தை எறிந்தால் அது மறுபடி ஓடும்.

பிரிட்டனில் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகமும் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, லட்சக்கணக்கான நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டன. சூட்டால் பாதிக்கப்பட்டு மருத்துவரிடம் வந்த நாய்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குக் காரணம் ஓட்டமும் நடையும் விளையாட்டும். வண்டிக்குள் அடைபட்டுப் பாதிக்கப்பட்டவை 5 சதவீதம் அளவுக்குத்தான். நம்மைவிடக் குளிர்ந்த நாட்டிலேயே இந்த நிலை.

எந்த நாய்க்கு ஆபத்து அதிகம் என்பதையும் அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். லேப்ரடாருடன் ஒப்பிட்டால் பக் இனத்துக்கு ஆபத்து மூன்று மடங்கு. புல்டாகுக்கு ஏறத்தாழ 14 மடங்கு. மூக்கின் அமைப்பைப் பார்த்த பிறகு இதன் காரணம் எளிதில் புரியும். சப்பை மூக்கில் சுருளெலும்புகளுக்கு இடம் குறைவு, மூச்சுவழியும் குறுகல். இரைப்பதற்கே பாடுபட வேண்டியிருப்பதால் அந்தப் பாடே சூட்டைக் கூட்டுகிறது. கொழுத்த நாய், வயதான நாய், ஹஸ்கி போன்ற அடர்ந்த முடி நாய் எல்லாவற்றுக்கும் கூடுதல் கவனம் வேண்டும். நீண்ட முகமும் குட்டை முடியும் உள்ள சிப்பிப்பாறையும் நாட்டு நாயும் வெயிலுக்கு ஓரளவு தோதானவை. அவற்றுக்கும் எல்லை உண்டு.

வண்டியும் கூடாரமும்

பயணத்தில் மிக மோசமான காற்று இருக்கும் இடம் நிறுத்திவைத்த வண்டி. கண்ணாடி வழியே புகும் வெயில் இருக்கையையும் முகப்புப் பலகையையும் சூடாக்குகிறது; அவை உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்குகின்றன; சூடான காற்று வெளியேற வழியில்லை. கலிஃபோர்னியாவில் வெயில் நாட்களில் காரை நிறுத்தி அளந்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. வெளியே 22 முதல் 36 டிகிரி வரை இருந்த நாட்களில், ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கிவைத்தும் பெரிய பலன் இல்லை. காங்கயத்தில் டீ குடிக்க இறங்கும் நேரத்துக்குள் உள்ளே இருக்கும் காற்று நாயின் உடல் சூட்டைத் தாண்டிவிடும். நாயின் மூச்சே அந்தச் சிறிய இடத்தை ஈரத்தால் நிரப்பும். மூன்று வழிகளில் இரண்டு அடைபட்டு, மூன்றாவதும் மூடிக்கொண்டே வரும்.

கூடாரத்திலும் நடப்பது இதுவே, மெதுவாக. நான்கு பேர் படுக்கும் கூடாரத்துக்குள் இருப்பது சில கன மீட்டர் காற்றுதான். இரவில் கொசுவுக்குப் பயந்து எல்லாப் பக்கமும் இழுத்து மூடினால், நான்கு பேரின் மூச்சும் நாயின் மூச்சும் சேர்ந்து அதை ஈரமாக்கிவிடும். எதிரெதிர்ப் பக்கங்களில் வலைச்சன்னல் உள்ள கூடாரமாகப் பார்த்து வாங்குங்கள். நாயைக் காற்று நுழையும் பக்கமாக, வெறுந்தரைமேல் படுக்க விடுங்கள்.

தங்குமிடம் குளிர்ந்த காடாக இருக்கட்டுமே என்று தோன்றலாம். ஆனைமலை, சத்தியமங்கலம், முதுமலை போன்ற புலிகள் காப்பகங்களுக்குள் வளர்ப்பு நாயைக் கூட்டிப்போக முடியாது. அது தேவையான கட்டுப்பாடு. நாய்களிடமிருந்து காட்டு விலங்குகளுக்குப் பரவக்கூடிய டிஸ்டெம்பர் வைரஸ் 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்களின் உயிரைப் பறித்தது. ஆகவே நாயோடு போகும் குடும்பத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அடிவாரத் தோப்புகளும் ஆற்றங்கரைகளும் கடற்கரையும்தான். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் நிழல் உண்டு; பாசன ஈரமும் உண்டு. இரண்டையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை கொறங்காடு எனப்படும் நம் மேய்ச்சல் நிலங்களில் ஆட்டுப் பட்டிக்குக் காவல் இருக்கும் நாயைப் பின்பற்றலாம். அதன் நடமாட்டம் இரவிலும் விடியலிலும். பகலில் வெள்வேல மரத்தடியில் படுத்துக்கிடக்கும். பயணத்தை அதிகாலையில் தொடங்குங்கள். காலை பத்து மணிக்கு மேல் மாலை ஐந்து மணி வரை ஓட்டமும் விளையாட்டும் வேண்டாம். 20 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டர் அளவு தண்ணீர் தேவை. இரைக்கும் நாளில் இன்னும் கூடும். அதன் பங்குக்கென்று தனிக் கேன் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தடுமாறினால்

ஓய்வு கொடுத்தும் இரைப்பு அடங்காமை, கெட்டியான எச்சில் வழிதல், ஈறு கடுஞ்சிவப்பாதல், வாந்தி, நடையில் தடுமாற்றம் ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். உடல் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாம் பாதிக்கப்படலாம். அப்போது வண்டியை எடுத்துக்கொண்டு மருத்துவரைத் தேடி ஓடத்தான் மனம் சொல்லும். கால்நடை மருத்துவர்களின் அறிவுரை வேறு: முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம்.

நாயை நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கையில் கிடைப்பது எதுவானாலும் சரி. ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு அப்படியே விட வேண்டாம். துண்டுக்கு அடியில் காற்று போகாவிட்டால் ஈரம் காயாது, சூடும் இறங்காது. நினைவு தப்பிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொஞ்சம் தெளிந்ததும் குளிர்சாதனத்தை ஓடவிட்ட வண்டியில் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உடுமலை வழியாகப் போகிறவர்களுக்குப் பண்ணைக்கிணறில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும் வழியிலுள்ள மருத்துவமனைகளின் தொலைபேசி எண்களைப் புறப்படும் முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நாயைக் குடும்பத்தில் ஒன்றாக நினைத்துக் கூட்டிப்போவது நல்ல காரியம்; அதை விட வேண்டியதில்லை. தங்கும் இடத்தில் பிள்ளைகளிடம் ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள்: விளையாட்டுக்கு நடுவே நாய் இரைக்கத் தொடங்கியதும் பந்தை எடுத்து வைத்துவிட வேண்டும், இரைப்பு முழுவதும் அடங்கிய பிறகுதான் மறுபடி எறிய வேண்டும்.